கரிமேல் ஊற்றும் எண்ணெய்: ஒரு புட்டியின் நிகழ்வு ஆய்வு

1990 அக்டோபர் 5 அன்று தெற்குக் கலிஃபோர்னியாவின் காற்றுத்தர மேலாண்மை வாரியம் கூடி, 1174 என்ற எண்ணில் ஒரு விதியை நிறைவேற்றியது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கோ, லாரிக்கோ, பெயின்ட் தொழிற்சாலைக்கோ போட்ட விதி இல்லை அது. ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக் கொல்லையில் இறைச்சி சுடுகிறவர் கரியைப் பற்றவைக்க ஊற்றுகிறாரே, அந்த லைட்டர் திரவத்துக்குப் போட்டது. ஒருமுறை அடுப்பு மூட்டினால் காற்றில் கலக்கும் கரிம ஆவி 0.020 பவுண்டைத் தாண்டக்கூடாது. நம் கணக்கில் 9 கிராம். 1992 ஜனவரி 1 முதல் இதில் தேறாத திரவத்தை அந்த வட்டாரத்தில் விற்கவே முடியாது. எதிர்த்தவர்கள் ஒரு கோஷம் கிளப்பினார்கள்: பார்பிக்யூ போட்டால் ஜெயில்!

தொழிற்பாதுகாப்பு வகுப்புகளில் இந்தக் கதையைச் சொன்னால் முதலில் சிரிப்புத்தான் எழும். ஒன்பது கிராமுக்கா சட்டம் என்பார்கள். நான் இதை எடுத்துக்கொள்வது வேறு காரணத்துக்காக. இந்தத் திரவத்தால் மூன்று விதமான கேடு வரும். குழந்தை குடித்தால் நுரையீரல் போகும். ஊர் முழுக்க ஊற்றினால் காற்று கெடும். ஊற்றுகிறவர் தவறினால் உடம்பு வேகும். முதல் இரண்டுக்கும் அமெரிக்கா பொருளையே மாற்றியது. மூடியை மாற்றியது, கலவையை மாற்றியது, அளவை மாற்றியது. மூன்றாவதற்கு, இருப்பதிலேயே கண்ணுக்குத் தெரிந்த கேட்டுக்கு, நெடுங்காலம் புட்டியின் முதுகில் எழுதிய வாசகத்தை மட்டுமே நம்பியது. புட்டியின் வாய்க்குச் சட்டம் வந்து சேர 2023 ஆகிவிட்டது. ஏன் அப்படி என்பதுதான் இந்த ஆய்வு.

புட்டிக்குள் இருப்பது

மண்ணெண்ணெயை நன்றாகச் சுத்திகரித்து, வாடையும் நிறமும் போக்கினால் என்ன கிடைக்குமோ, கரி லைட்டர் திரவம் பெரும்பாலும் அதுதான். பெட்ரோலியத்தில் மண்ணெண்ணெய் வடியும் பகுதியை ஒட்டி வடித்தெடுத்து, ஹைட்ரஜனால் கந்தகம் நீக்கிய எண்ணெய். சிகரெட் லைட்டரில் ஊற்றும் திரவம் வேறு. பெயர் ஒன்றாக இருப்பதால் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. சிகரெட் லைட்டரில் இருப்பது நாப்தா, உறைகுளிரிலும் பற்றிக்கொள்ளும். கரித் திரவமோ ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸுக்குச் சூடானால்தான் அதன்மேல் எரியக்கூடிய அளவுக்கு ஆவி சேரும். இந்த வெப்பநிலையைத்தான் ஃப்ளாஷ் பாயின்ட் என்கிறோம். பெட்ரோலுக்கு இது மைனஸ் 40 அளவில். மார்கழிக் குளிரிலும் பெட்ரோல் ஆவி விட்டுக்கொண்டே இருப்பதும், மண்ணெண்ணெய் திரியில்லாமல் முரண்டு பிடிப்பதும் இதனால்தான்.

அமெரிக்கச் சட்டம் இந்த எண்களை வைத்துத்தான் புட்டியில் எந்தச் சொல் அச்சாக வேண்டும் என்று தீர்மானிக்கிறது. ஃப்ளாஷ் பாயின்ட் 38 டிகிரிக்குக் கீழே என்றால் 'எளிதில் தீப்பற்றும்' என்ற வகை. 38 முதல் 65 வரை என்றால் வெறும் 'எரியக்கூடியது'. கரித் திரவம் பொதுவாகக் கோட்டுக்குச் சற்று மேலே நின்று இரண்டாவது, மென்மையான சொல்லைப் பெற்றுக்கொள்கிறது. பெட்ரோலிய வடிப்பு 10 சதவீதத்துக்கு மேல் இருப்பதால் 'ஆபத்து: விழுங்கினால் உயிர் போகலாம்' என்ற எச்சரிக்கையும் கட்டாயம். ஆக, அந்தப் புட்டியில் இருக்கும் மிகக் கடுமையான சொல் தீயைப் பற்றியது அல்ல, விழுங்குவதைப் பற்றியது.

சரி, கரியைப் பற்றவைக்க எண்ணெய் எதற்கு? நம் வீட்டுக் கரியடுப்புக்குத் தேங்காய்நாரும் கொட்டாங்கச்சியும் விசிறியும் போதுமானதாக இருந்தன. தெருமுனையில் இஸ்திரிப் பெட்டிக்குக் கரி மூட்டுகிறவரும் பெரும்பாடு படுவதில்லை. அமெரிக்கக் கொல்லையில் எரிவது பெரும்பாலும் மரக்கரித் துண்டு இல்லை என்பதுதான் வித்தியாசம். அது கரித்தூளை ஸ்டார்ச் சேர்த்து அழுத்திச் செய்த கட்டி, பிரிக்கெட். எல்ஸ்வொர்த் ஸ்வோயர் என்பவர் 1897இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். பெரிய அளவில் ஊருக்குக் கொண்டுபோனது, யாரும் எதிர்பார்க்காத ஆள், ஹென்றி ஃபோர்டு. மிச்சிகனின் ஐயன் மவுன்டனில் மாடல் டி காருக்கு மரப்பாகம் அறுத்தபோது கழிவு மலையாகக் குவிந்தது. அந்த மனிதருக்கு எதையும் வீணாக்கப் பிடிக்காது. கழிவைக் கரியாக்கி, கட்டியாக்கி, கார் விற்கும் கடைகளிலேயே விற்றார். இன்றைய கிங்ஸ்ஃபோர்டு கரியின் பூர்வீகம் அதுதான். 1952இல் சிகாகோவில் ஜார்ஜ் ஸ்டீபன் என்ற உலோகத் தொழிலாளி, ஏரியில் மிதக்கவிடும் இரும்பு மிதவையை இரண்டாக அறுத்து மூடி போட்ட கிரில் செய்தார். வெபர் என்ற பெயரில் அது புறநகர் வீடுகளின் கொல்லைக்கெல்லாம் போனது.

அழுத்திய கட்டியில் காற்றுப் புகும் இடுக்கு குறைவு. ஒரு தீக்குச்சி கொடுக்கும் சூட்டை அது உள்வாங்கிக்கொண்டு சும்மா கிடக்கும். பல நிமிடம் தொடர்ந்து சூடு காட்டினால்தான் விளிம்பு கனலும். அந்தப் பல நிமிடத்தை வாங்கித் தருவதுதான் திரவத்தின் வேலை. கட்டி திரி, திரவம் எண்ணெய், அவ்வளவுதான். பெட்ரோல் ஊற்றினால் குப்பென்று எரிந்து கரி சூடாகுமுன் தீர்ந்துபோகும்; அதற்குமுன் தரையோடு தவழ்ந்து போன ஆவி எங்கோ இருக்கிற நெருப்பைத் தேடிக்கொண்டிருக்கும். திரவம் தீர்ந்துவிட்டது என்று புல்வெட்டி இயந்திரத்தின் பெட்ரோலை எடுத்து ஊற்றுவது அமெரிக்கக் கொல்லைகளில் பழைய பைத்தியக்காரத்தனம். முறையாகச் செய்தால் கரித் திரவம் உண்மையில் சாதுவானது. கட்டிகளைக் கூம்பாகக் குவித்து, அளந்து ஊற்றி, மூடியை இறுக்கி, புட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, நீளமான குச்சியால் பற்றவைக்க வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் கட்டிகள் சாம்பல் பூத்துவிடும். திரவம் முழுக்க எரிந்துபோயிருக்கும். இறைச்சியில் எண்ணெய் வாடை அடிக்கிறது என்று புலம்புகிறவர்களில் பெரும்பாலோர் அந்தச் சாம்பல் பூக்கும்வரை பொறுக்காதவர்கள்.

அணைந்த மாதிரி இருக்கும் நேரம்

விபத்து நடப்பது முதல்முறை ஊற்றும்போது அல்ல, இரண்டாம்முறை. இந்த வழக்கின் முடிச்சு இதுதான் என்பதால் இங்கே கொஞ்சம் நிதானிக்கிறேன்.

பற்றவைத்ததும் சுடர் ஆளுயரம் எழும்பும். கட்டியின் மேல்பரப்பில் இருந்த திரவம் சில நிமிடத்தில் எரிந்து தீரும். சுடர் தாழும். பிறகு ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். கட்டிகள் கறுப்பாகவே கிடக்கின்றன. மூலையில் ஒன்றிரண்டு விளிம்பு கனன்றுகொண்டிருக்கும். ஆனால் பட்டப்பகல் வெயிலில் அந்தச் சிவப்பு கண்ணுக்குப் படாது. விருந்தாளிகள் தட்டோடு காத்திருக்கிறார்கள். பற்றவைத்தவர், பெரும்பாலும் வீட்டு ஆண், தோற்றுப்போன முகத்தோடு புட்டியைத் திரும்ப எடுக்கிறார்.

இப்போது திரவம் விழுவது 40 டிகிரியை எப்போதோ தாண்டிவிட்ட பரப்பில். விழுந்த கணத்தில் ஆவியாகிறது. வெள்ளையாக ஒரு புகை கிளம்பும். அதைப் புகை என்று நினைப்பதுதான் தவறு. சூட்டில் ஆவியான திரவம் மேலே வந்து குளிர்ந்து நுண்துளிகளாக மிதக்கிறது. எரியத் தயாராக நிற்கும் எண்ணெய் மேகம் அது. காற்றில் நூற்றுக்கு ஒரு பங்கு சேர்ந்தாலே அது பற்றும். எங்கோ ஒரு கட்டியின் சிவந்த விளிம்பைத் தொட்டதும் மேகம் முழுதும் ஒரே வீச்சில் எரியும். குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும் முகம், புருவம், சட்டையின் முன்பக்கம் எல்லாம் அதன் வழியில் இருக்கின்றன.

இது பாதிதான். மீதி புட்டிக்குள் நடக்கிறது.

மூடிய புட்டிக்குள் திரவத்துக்கு மேலே இருக்கும் வெற்றிடத்தில் எப்போதும் ஆவியும் காற்றும் கலந்திருக்கும். அந்தக் கலவை எரிய வேண்டுமானால் ஆவி ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும். மண்ணெண்ணெய் வகைக்கு அது நூற்றுக்கு ஏறத்தாழ 1 முதல் 5 வரை. பெட்ரோல் கேனில் சாதாரண வெப்பத்தில் ஆவி மிதமிஞ்சி நிற்பதால், உள்ளே எரியக் காற்றுப் போதாது. கரித் திரவப் புட்டி நிழலில் குளிர்ந்திருந்தால் ஆவி குறைவு, எரியப் போதாது. இரண்டும் வெவ்வேறு காரணத்தால் தப்பிக்கின்றன. ஆனால் அதே கரித் திரவப் புட்டியைக் கிரில்லுக்குப் பக்கத்துத் திண்ணையில், அரிசோனாவின் ஜூலை வெயிலில் வைத்துவிட்டால்? அது 40ஐத் தாண்டும்போது உள்ளே இருக்கும் கலவை எரியும் வரம்புக்குள் மெல்ல நுழைகிறது. பாதிக்கு மேல் காலியான புட்டி என்றால் வெற்றிடமும் அதிகம், கலவையும் அதிகம். புதுப் புட்டியைவிட அடியில் கொஞ்சம் மிச்சமுள்ள புட்டி பொல்லாதது என்று சொன்னால் வகுப்பில் யாரும் நம்புவதில்லை. விளக்கிய பிறகும் சிலர் நம்புவதில்லை.

பிளாஸ்டிக் புட்டியை அமுக்கினால் திரவம் பீய்ச்சும். கையைத் தளர்த்தினால் புட்டி மூச்சை இழுப்பதுபோல் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். தாரை வழியாகச் சுடர் ஏறி வாய்வரை வந்திருக்கும் நேரத்தில் கை தளர்ந்தால், உள்ளே இழுபடுவது வெறுங்காற்றல்ல, நெருப்பு. உள்ளிருக்கும் கலவை பற்றி விரிந்து, மீதித் திரவத்தை எரிந்தபடியே வாய் வழியாகத் தள்ளும். தீயணைப்பு ஆய்வாளர்கள் இதைத் தீப்பீச்சு என்கிறார்கள். இதில் எரிவது புட்டி பிடித்தவர் மட்டும் என்று நினைக்க வேண்டாம். புட்டியின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கத்தில், சில மீட்டர் தள்ளி நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்தான் பல நேரம் முதலில் மாட்டுகிறார்.

'கனன்ற கரிமேல் ஊற்றாதீர்' என்று எந்தப் புட்டியை எடுத்தாலும் எழுதியிருக்கிறது. ஆனால் அந்த வாசகம் கேட்பது என்ன? கரி கனல்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்லச் சொல்கிறது. அதுவோ வெயிலில் கண்ணுக்குத் தெரியாத ஒன்று. ஊற்றுகிறவர் எச்சரிக்கையை மீறவில்லை. அவர் கணக்கில் கரி அணைந்துவிட்டது, அணைந்த கரிமேல்தான் ஊற்றுகிறார். வாசகம் செல்லாமல் போனது அலட்சியத்தால் மட்டுமல்ல என்று நான் சொல்வது இதனால்தான். 'ஒருமுறை தீக்குச்சி காட்டிவிட்டால் அன்றைக்குப் புட்டியைத் தொடாதே' என்று எழுதியிருந்தால் அதற்குக் கண் தேவையில்லை.

மூன்றரை வயதுக்காரர்கள்

குழந்தைகளின் பக்கம் சட்டம் சீக்கிரமே வந்தது. 1970 டிசம்பரில் கையெழுத்தான நச்சுத் தடுப்புப் பொதியமைப்புச் சட்டத்தின்கீழ், அடுத்த சில ஆண்டுகளில், தீமூட்டும் திரவங்களுக்குக் குழந்தை திறக்க முடியாத மூடி கட்டாயமானது. கரி லைட்டர் திரவம், சிகரெட் லைட்டர் திரவம், முகாம் அடுப்பு எரிபொருள், பந்த எண்ணெய், விளக்கு எண்ணெய் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. விதியில் என்னைக் கவர்வது அதன் அளவுகோல். நச்சுத்தன்மையை மட்டும் பார்க்கவில்லை, திரவம் எவ்வளவு நீர்க்க ஓடுகிறது என்று பார்க்கிறது. கெட்டியான எண்ணெய்க்கு இந்தக் கட்டாயம் கிடையாது.

காரணம் மருத்துவம். இந்த வகை எண்ணெய் வயிற்றுக்குப் போனால் பெரிய கேடு செய்வதில்லை. ஆனால் தண்ணீரைவிட எளிதாகப் பரவும் தன்மையால், விழுங்கும்போது ஒரு மடக்கு புரையேறினால் போதும், மூச்சுக்குழாய் வழியே நுரையீரலின் சிற்றறைகள்வரை வழிந்துவிடும். அங்கே சிற்றறைகளை ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் மெல்லிய படலத்தைக் கரைக்கும். இருமல், மூச்சிரைப்பு, காய்ச்சல் என்று சில மணி நேரத்தில் ரசாயன நிமோனியா வந்து நிற்கும். அதனால்தான் வாந்தி எடுக்கவைக்கவே கூடாது என்பது விதி. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்க வைத்தால், ஒருமுறை தப்பிய நுரையீரலுக்கு இரண்டாம் வாய்ப்புக் கொடுக்கிறோம். குழந்தை நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றினாலும் ஆறு மணி நேரமாவது மருத்துவமனையில் வைத்துப் பார்ப்பார்கள்.

தண்ணீர்ப் பாட்டிலில் ஊற்றி அடுப்படி மூலையில் வைத்த மண்ணெண்ணெயைக் குடித்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் நம் ஊரிலும் உண்டு. எண்ணெய் அதே வகை, நிமோனியா அதே நிமோனியா. அங்கே மூடியை மாற்றினார்கள். இங்கே கேஸ் அடுப்பு வந்ததுதான் பெரிய மாற்றம்.

மூடிக்கு எப்படித் தேர்வு வைக்கிறார்கள் தெரியுமா? 42 முதல் 51 மாத வயதுள்ள குழந்தைகளிடமே கொடுத்துத் திறக்கச் சொல்கிறார்கள். ஐந்து நிமிடம் கழித்து, பேசாமல் ஒருமுறை திறந்து காட்டிவிட்டு, இன்னும் ஐந்து நிமிடம். பல்லால் கடித்துத் திறக்கலாம் என்ற அனுமதியும் உண்டு. நூறில் எண்பது குழந்தைகளாவது தோற்க வேண்டும். மீதிப் பேர் திறந்துவிடுவார்கள் என்பது விதியிலேயே இருக்கிறது. பூட்டு என்று நினைத்துக் கீழ்த்தட்டில் வைக்கக்கூடாது.

ஒன்பது கிராம்

இனி லாஸ் ஏஞ்சலஸுக்குத் திரும்பலாம். அந்த ஊர் புகைமூட்டத்தின் வேதியியலைக் கண்டுபிடித்தவர் கால்டெக் பல்கலைக்கழகத்தில் அன்னாசிப்பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஆரி ஹாகன்-ஸ்மிட். 1950களின் தொடக்கத்தில் அவர் காட்டியது இது: எரியாத எண்ணெய் ஆவியும் வாகனப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் சேர்ந்தால் ஓசோன் உண்டாகும். ரப்பரில் வெடிப்பு விழும், கண் எரியும், நுரையீரல் புண்ணாகும். மூன்று பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், மேலே மூடிபோல் சூடான காற்றடுக்கு. ஆவி வெளியே போக வழியில்லை. வீட்டுக் கொல்லையில் குப்பை எரிக்கும் உலைகளை அந்த ஊர் 1957இலேயே தடை செய்திருந்தது. கொல்லைக்குள் சட்டம் நுழைவது அங்கே புதிதல்ல.

வாகனத்துக்கும் ஆலைக்கும் கட்டுப்பாடு போட்டு முடித்தபிறகு மிஞ்சியவை சில்லறைகள். தலைமுடிக்குத் தெளிக்கும் ஸ்பிரே, பெயின்ட், கரித் திரவம். ஒவ்வொன்றும் தூசு, கோடிக்கு மேல் மக்கள் உள்ள வட்டாரத்தில் கூட்டினால் தூசு இல்லை. மாவட்ட அதிகாரிகள் மனிதரை அல்ல, பொருளைப் பிடித்தார்கள். கோஷம் சொன்னதுபோல் யாரையும் ஜெயிலுக்கு அனுப்பும் எண்ணமில்லை. விற்கும் புட்டி தேர்வில் தேறியிருக்க வேண்டும், அவ்வளவே. மின்கம்பி, எரிவாயுக் குழல், அடியில் காகிதம் வைத்து மூட்டும் தகரக் குழாய் இவற்றுக்கெல்லாம் தொந்தரவில்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இன்றும் புட்டியில் இருக்கும் அளவு பவுண்டுக் கரிக்கு 1.6 அவுன்ஸ். கிலோவுக்கு ஏறத்தாழ 100 மில்லி, எடையில் 80 கிராமுக்குச் சற்றுக் குறைவு. அதில் 9 கிராம்தான் எரியாமல் தப்பலாம் என்றால் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பங்கு எரிந்தாக வேண்டும். கரி இரண்டு கிலோ என்றால் நிபந்தனை இன்னும் கடுமை. நிறுவனங்கள் முடியாது என்று சொல்லிவிட்டு, பிறகு செய்தார்கள். 1998இல் மத்தியச் சுற்றுச்சூழல் முகமை அதே 0.020 பவுண்டை நாடு முழுவதற்கும் எடுத்துக்கொண்டது.

இதில் யாரும் பெரிதாகப் பேசாத ஒரு துணை விளைவு உண்டு. கரிக்கு எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று புட்டியில் எழுதியே ஆக வேண்டும், அந்த அளவு ஆய்வுக்கூடத் தேர்வில் பயன்படுத்திய அளவாகவே இருக்க வேண்டும் என்பதும் விதி. அதாவது புட்டியின் முதுகில் இருக்கும் 1.6 அவுன்ஸ் சமையல் குறிப்பு அல்ல, காற்றுச் சட்டத்தின் வரி. அளவோடு ஊற்றினால் கரி ஒழுங்காகப் பற்றும். குறைவாக ஊற்றினால்தான் பாதியில் அணையும், அணைந்தால்தான் இரண்டாம்முறை ஊற்றத் தோன்றும். ஊரின் நுரையீரலுக்காக எழுதிய வரி, படிக்கிறவருக்கு, புருவத்தையும் காப்பாற்றுகிறது. எத்தனை பேர் அளந்து ஊற்றுகிறார்கள் என்பது வேறு. நான் பார்த்தவரை எல்லோரும் கை அளவுதான்.

அவசரத்துக்கு எல்லையில்லை என்பதற்கு ஒரு கிளைக்கதை. பர்டூ பல்கலைக்கழகப் பொறியாளர் ஜார்ஜ் கோபிள், துறைச் சுற்றுலாவில் கரி சீக்கிரம் பற்ற வேண்டும் என்று ஹேர் டிரையரில் தொடங்கி, கடைசியில் திரவ ஆக்சிஜனை ஊற்றினார். மூன்று விநாடியில் கரி தயார். 1996இல் வேதியியலுக்கான இக் நோபல் பரிசு, அதாவது நோபலைக் கிண்டல் செய்யும் பரிசு, கொடுத்துச் சிரித்தார்கள். வேடிக்கைதான். ஆனால் எரிபொருளைக் கூட்டாமல் காற்றைக் கூட்டினால் கரி பற்றும் என்ற அடிப்படை சரியானது. ஆக்சிஜனை விட்டுவிட்டு அதையே அடக்கமாகச் செய்வதுதான் தகரக் குழாய் மூட்டி. நிமிர்ந்த குழாயில் கரி, அடியில் காகிதம். சூடான காற்று மேலே போக, கீழிருந்து புதுக்காற்று தானாக ஏறும். விசிறியின் வேலையைப் புகைபோக்கி செய்கிறது. கால் மணி நேரம், சில நேரம் கொஞ்சம் கூட. திரவத்துக்கும் ஏறத்தாழ அதே நேரம்தான் ஆகிறது. பிறகு ஏன் இன்னும் திரவம் விற்கிறது என்று கேட்டால், ஆளுயரச் சுடரைப் பார்க்கும் சந்தோஷத்தைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

ஜெல்

2011 கோடையில் இதே இரண்டாம் ஊற்றல் வேறு வேடத்தில் வந்தது. மேஜைமேல் வைக்கும் அழகுப் பீங்கான் சட்டி; அதில் ஆல்கஹால் ஜெல் ஊற்றி எரிப்பது அப்போதைய மோகம். ஆல்கஹால் சுடர் பகலில் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று பெரிய ஜாடியிலிருந்து ஊற்றினார்கள். ஆல்கஹாலின் ஃப்ளாஷ் பாயின்ட் அறை வெப்பத்துக்கும் கீழே. எனவே ஜாடிக்குள் இருக்கும் கலவை வெயில் இல்லாமலே எரியும் வரம்புக்குள் நிற்கும். கரித் திரவத்துக்கு வெயில் உதவ வேண்டியிருந்தது, இதற்கு அதுவும் வேண்டாம். பீய்ச்சியது ஜெல் என்பதால் தோலில் ஒட்டிக்கொண்டு எரிந்தது. தரையில் உருண்டாலும் அணையவில்லை.

ஜூன் 22இல் ஒரு நிறுவனம் 4,60,000 ஜாடிகளைத் திரும்பப் பெற்றது. செப்டம்பர் 1இல் ஒன்பது நிறுவனங்கள் சேர்ந்து ஏறத்தாழ 20 லட்சம். அன்றைய நிலவரப்படி நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்கில் 65 சம்பவங்கள், 2 மரணங்கள், மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் குறைந்தது 34 பேர். அந்த ஜாடிகளிலும் எச்சரிக்கை வாசகங்கள் இருந்தன.

2014 செப்டம்பரில் நெவாடாவின் ரீனோ நகர அறிவியல் அருங்காட்சியகத்திலும், அதே மாதம் டென்வரின் ஒரு பள்ளியிலும் மெத்தனால் வைத்துச் செய்முறை காட்டும்போது குழந்தைகள் எரிந்தார்கள். பெரிய கலத்திலிருந்து நேரடியாகத் தீயருகே ஊற்றினார்கள். சுடர் தாரைவழி ஏறியது. ரசாயனப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தது. கொல்லையில் பீரோடு நிற்கும் மனிதரும் வேதியியல் ஆசிரியரும் ஒரே தவறைச் செய்யும்போது, படிப்பறிவு போதவில்லை என்று இனி சொல்ல முடியாது.

சல்லடை

தீர்வு 1815ஆம் ஆண்டிலேயே இருந்தது. நிலக்கரிச் சுரங்க விளக்கைச் சுற்றி ஹம்ஃப்ரி டேவி என்ற ஆங்கில வேதியியலாளர் மெல்லிய கம்பி வலை போட்டார். சுடர் வலையின் சிறு துளையில் நுழையும்போது உலோகம் சூட்டை உறிஞ்சிவிடும். மறுபக்கம் போகச் சுடருக்குச் சூடு மிஞ்சாது. அதே சல்லடையைப் புட்டியின் வாயில் பொருத்தினால் திரவம் வெளியே வரும், நெருப்பு உள்ளே போகாது. தொழிற்சாலைகளில் கரைப்பான் ஊற்றும் சிவப்புப் பாதுகாப்புக் கேன்களில் இது வெகுகாலமாக உண்டு. தொழிலாளி கையில் கொடுக்கும் கேனுக்குச் சல்லடை, அதே தொழிலாளி வீட்டுக்கு வாங்கிப்போகும் புட்டிக்கு ஒரு வாசகம்.

2020 டிசம்பர் 27இல் கையெழுத்தான சட்டம் ஒன்று இதை மாற்றியது. ஃப்ளாஷ் பாயின்ட் 60 டிகிரிக்குக் கீழுள்ள எரிதிரவம் வைக்கும், 5 கேலனுக்கு மிகாத வீட்டுக் கலங்களுக்குத் தீத்தடுப்பு அமைப்பு வேண்டும் என்றது. எந்தத் தரநிலை பொருந்தும் என்று ஆணையம் 2023 ஜனவரியில் அறிவித்தது: காலியாக விற்கும் கேனுக்கு ஒன்று, நிரப்பி விற்கும் புட்டிக்கு ஒன்று, உலோகப் பாதுகாப்புக் கேனுக்கு ஒன்று. 2023 ஜூலை 12 முதல் நடைமுறை. கேலன் கணக்குப் பெட்ரோல் கேன்தான் அந்தச் சட்டத்தின் முகம் என்றாலும், 40 சொச்சத்தில் பற்றும் கரித் திரவத்தின் எண்ணும் அந்த 60க்குக் கீழேதான்.

சல்லடை தடுப்பது புட்டிக்குள் போகும் நெருப்பை மட்டும். கரிமேல் எழும் வெள்ளை மேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முகம் குனிந்திருந்தால் புருவம் போகத்தான் செய்யும். எரிந்துவிட்டால் ஓடக்கூடாது, நின்று, விழுந்து, உருள வேண்டும். எண்ணெய் நனைந்த துணியை அகற்றி, ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும். பற்பசையும் மையும் மஞ்சளும் மருத்துவருக்குப் புண்ணை மறைக்கத்தான் உதவும்.

ஏற்காடு, கொடைக்கானல் பக்கம் விடுதிகளில் பார்பிக்யூ இப்போது வழக்கமாகிவிட்டது. சென்ற முறை போனபோது கரி மூட்டிய பையன் கையில் இருந்தது ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். உள்ளே என்ன என்று கேட்டேன். "மண்ணெண்ணெய்தான் சார், கொஞ்சம் பெட்ரோல் கலந்திருக்கும், அப்பத்தான் சீக்கிரம் புடிக்கும்" என்றான். மூடியில் ஆணியால் ஒரு ஓட்டை போட்டிருந்தான். பீய்ச்சுவதற்கு வசதியாக. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுடர் தாழ்ந்தது. அவன் பாட்டிலைத் திரும்ப எடுத்தான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். "அணைஞ்சிடுச்சே சார்" என்றான். குனிந்து நிழல் காட்டிப் பார்க்கச் சொன்னேன். கையால் மறைத்த இருட்டில், அடிக்கட்டி ஒன்றின் ஓரம் சிவப்பாக இருந்தது.